ஆமை மேல் ஒட்டிய ரோஜா

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மூணாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். வாத்தியார் அடித்ததைப் பொறுத்துக்கொண்டேன். பெஞ்சைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதனால் மாட்டு வண்டி ஓட்டினேன். செங்கல்பட்டில் ஒரு சோடா கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, கேஸ் ஏற்றுகிற மெஷின் ஒன்று, நாலைந்து ஆட்கள். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். சோடாவுக்குப் பேர் ஆமை மார்க்.

பாய் எதற்கு ஆமையைப் பிடித்தார் என்று கேட்பார்கள். அவர் பிடிக்கவில்லை. மெட்ராஸில் நொடித்துப்போன ஒரு சோடாக்காரன் பாட்டில்களை விற்றான். பாய் மொத்தமாக வாங்கினார். பச்சைக் கண்ணாடி. கனமான பாட்டில். கழுத்துக்குக் கீழே, தோளில், கண்ணாடியிலேயே ஒரு ஆமை வார்த்திருந்தது. சுரண்டினாலும் போகாது. பாட்டிலில் ஆமை இருந்ததால் சோடாவும் ஆமை சோடா ஆகிவிட்டது. அவ்வளவுதான் கதை.

என் நடை கரைப்பக்கம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம். அங்கிருந்து சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம். அப்புறம் கரையோரமாகவே வடக்கே மாபலிபுரம். அங்கே படுத்து எழுந்து திரும்புவேன். கல்பாக்கம் என்றால் இன்றைக்கு இருக்கிற கல்பாக்கம் இல்லை. ஐம்பதுகளில் அங்கே சவுக்கும் மணலும் குப்பமும்தான். சக்கரம் புதையும். இறங்கித் தள்ளுவேன். தள்ளும்போதும் எனக்கு நிம்மதிதான். நகர்கிறோம் இல்லையா.

கரைப்பக்கத்துக் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

சோடா விற்றாலும் பாட்டில் கம்பெனியுடையது. நிறைந்ததைக் கொடுத்துக் காலியை வாங்கி வர வேண்டும். டவுன் கடைகளில் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிவிடுவார்கள். உடைந்தால் அதில் கழியும். கரையில் முன்பணம் கிடையாது. நம்பி விட்டுவருவோம். உடைந்தால் கடைக்காரர் கழுத்தைக் காட்ட வேண்டும். சோடா பாட்டில் உடைந்தாலும் கோலியோடு கழுத்து மட்டும் நிற்கும். அதன் கீழே ஆமையின் தலையாவது தெரிய வேண்டும். தெரிந்தால் முழுப் பாட்டில் வந்த மாதிரி. பாய் ஆரம்பத்திலேயே அப்படிச் சொல்லிவிட்டார். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. யாரும் அதில் பித்தலாட்டம் பண்ணி நான் பார்த்ததில்லை.

அதே மாதிரி ஆமைப் பாட்டில் ஆமை வண்டிக்குத்தான். வேறு சோடாக்காரன் வந்து கெஞ்சினாலும் தரமாட்டார்கள். எடுத்து ஒரு மூலையில் வைத்திருப்பார்கள்.

பாய்க்கு வயசாகிவிட்டது. பிள்ளைகள் பினாங்கில். திரும்பி வருகிற மாதிரி இல்லை. மகளைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். கம்பெனியை விற்றுவிட்டு அங்கே போய்விட்டார்.

வாங்கினவர் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் பெரிய சோடா கம்பெனி வைத்திருந்தவர். அவருடையது ரோஜா மார்க். சோடாவும் உண்டு, கலரும் உண்டு. ரயில் நிற்கிற போதெல்லாம் ரோஜாதான் விற்கும். நல்ல சுறுசுறுப்பான மனுஷன். நடந்துகொண்டே பேசுவார். அது எனக்குப் பிடித்தது.

வந்த அன்றே சொன்னார்.

"இனிமே எல்லாம் ரோஜாதான். ஆமையும் கீமையும் வேணாம்."

"பாட்டில்லயே கீது முதலாளி" என்றேன்.

"மேல காயிதம் ஒட்டு."

"ஒட்டணுமா?"

"பின்ன? துட்டு போட்டு வாங்கினது நானு. எவனோ விட்டுட்டுப் போன ஆமைய நான் எதுக்கு சுமக்கணும்? நாளைக்கு மாபலிபுரத்துலயும் ரோஜான்னு கேக்கணும். புரியுதா?"

புரிந்தது என்றேன். அவர் பேர், அவர் ஆசை. அப்புறம் கிளம்பப் போனவர் நின்றார்.

"இன்னொண்ணு. காலி பாட்டில் ஒழுங்கா வரணும். வரலைன்னா கரை நடைய நிறுத்திடுவேன். மாட்டை வித்துட்டு உன்ன மெஷின்ல போட்டுடுவேன். உக்காந்து சக்கரம் சுத்து."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் ரூம் ஒரு ஜன்னல் ரூம். பாட்டில் வெடித்தால் வெளியே போகக்கூடாது என்று ஜன்னலுக்கும் சாக்குக் கட்டியிருப்பார்கள். அங்கே சக்கரம் சுற்றினவனுக்கு ஒரு கண் போய்விட்டது. மிச்சக் கண்ணோடு அதே ரூமில் சுற்றிக்கொண்டிருந்தான். கண் போவதைப் பற்றி நான் அவ்வளவாக யோசிக்கவில்லை. நாலு சுவரைத்தான் யோசித்தேன். அன்று சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்துவிட்டேன்.

ஆட்கள் மாவுப் பசை காய்ச்சி, ஆமை மேல் ரோஜாக் காகிதத்தை ஒட்டினார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. ஏற்றிக்கொண்டு போனேன். கடைகளில் இறக்கினேன். புது மார்க்கா என்றார்கள். ஆமாம் என்றேன். எனக்குப் பேச்சு கம்மி. கம்பெனி கைமாறினதை அன்றைக்கே விளக்கியிருக்கலாம். பத்து வார்த்தை ஆகியிருக்கும். மாடு நிற்கிறதே என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த நடையில் சதுரங்கப்பட்டினத்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே கடை வைத்திருந்தது ஒரு அம்மா. மீன் ஏலம் எடுக்கிற குடும்பம். கடலுக்குப் போய்வருகிற ஆட்கள் அங்கேதான் வந்து சோடா குடிப்பார்கள். கரைக் கடைகளில் பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுத்தான் வைப்பார்கள், சில்லென்று இருப்பதற்கு. அந்த அம்மா என்னைக் கையைப் பிடிக்காத குறையாகத் தொட்டியண்டை கூட்டிப் போனது.

"இன்னாய்யா இது?"

"ரோஜா சோடா."

"ரோஜா எங்க கீது, காட்டு."

காகிதமெல்லாம் ஊறி, பிரிந்து, தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருந்தது.

"ரோஜா மெதக்குது. கீழ பாரு. ஆமை முழிச்சிகினு கீது."

பெஞ்சில் இருந்த வலைக்காரர் ஒருத்தர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"பாயோட பாட்டில எவன் திருடினான்?"

"திருடலக்கா. பாய் கம்பெனிய வித்துட்டாரு. இவரு வாங்கிட்டாரு."

"வாங்கினவன் எதுக்குய்யா மறைக்கிறான்? வாங்கினவன் ஊருக்கே காட்டுவான். திருடினவன்தான் காயிதம் ஒட்டுவான்."

யோசித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது.

வலைக்காரர் கேட்டார்: "அண்ணாத்த, நீயும் கூட்டா இதுல?"

அது சுருக்கென்று இருந்தது. அந்த மனுஷன் எனக்கு எத்தனையோ தரம் மணலில் சக்கரம் தள்ளியவர். நான் காலிப் பாட்டிலுக்குக் கை நீட்டினேன்.

"தொடாத" என்றது அந்த அம்மா. "பாய் வந்து கேக்கட்டும். எல்லாம் பத்திரமா கீது."

கல்பாக்கத்திலும் அதே கதை. நான் போய்ச் சேருமுன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. மாபலிபுரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடைக்காரர் ஒருத்தர், எப்போது போனாலும் கேட்காமலே டீ வைப்பவர். அன்றைக்கும் டீ வைத்தார். காசு கேட்டார். முன்பெல்லாம் கேட்டதில்லை. "கோச்சுக்காத நைனா. பாட்டில உங்கிட்ட குடுக்க மாட்டேன்" என்றார்.

நிறைந்ததையெல்லாம் பாய் பாட்டில் என்று இறக்கி வைத்துக்கொண்டார்கள்; காலி வண்டியோடு திரும்பினேன். காலி வண்டி ரொம்பச் சத்தம் போடும். வழியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

முதலாளி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பாட்டில் எங்க?"

நடந்ததைச் சொன்னேன்.

"என் பாட்டில எனக்கே குடுக்க மாட்டாங்களா? பேஜாராப் போச்சே. இன்னொரு நடை பாரு. இல்லைன்னா நான் சொன்னதுதான்."

அன்றைக்கு எங்கே உட்கார்ந்தாலும் மெஷின் ரூம் சாக்கு நாற்றம் அடிக்கிற மாதிரி இருந்தது. மாட்டைக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டின மாட்டையே திரும்பக் குளிப்பாட்டினேன். அப்புறம் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் காஞ்சிபுரம் ரயிலில் ஏறினேன். உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே போனேன்.

பாய் மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "மாடு நல்லா கீதா?"

"நல்லா கீது பாய்."

"நீ நல்லா இல்லையே. இன்னா விஷயம்?"

சொன்னேன். காகிதம் மிதந்ததைச் சொன்னபோது அவர் தோள் குலுங்கச் சிரித்தார். திருட்டு என்று சொன்னதைச் சொன்னபோது நிறுத்திவிட்டார். உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "நாஸ்தா துன்னியா? துன்னு. கிளம்பலாம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் பாயை வண்டியில் முன்னால் உட்கார வைத்து ஓட்டினேன். கடைக்குக் கடை இறங்கினார். "ஆமாம்மா, நான்தான் வித்தேன். எங்கிட்ட தெம்பு இல்ல. இவன் திருடன் இல்ல" என்று சொன்னார். எல்லோரும் உடனே நம்பினார்கள். ஒளித்து வைத்த காலிகளைக் கொண்டு வந்தார்கள். உடைந்ததற்குக் கழுத்துகளைக் கொண்டு வந்தார்கள். சதுரங்கப்பட்டினத்து அம்மா ஒரு ஓலைப் பெட்டியில் கழுத்துகளைச் சேர்த்து வைத்திருந்தது. பாய் அவற்றை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியோடு வாங்கி வண்டியில் வைத்தார்.

வண்டி நிறைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நடை பிழைத்தது என்று நினைத்தேன். மாபலிபுரத்து டீக்கடைக்காரர் பாய்க்கும் எனக்கும் டீ வைத்தார். காசு வாங்கவில்லை. பாய்க்கு ஒரு கட்டு வெற்றிலையும் பழமும் கொடுத்தார். கல்பாக்கத்தில் ஒரு சாக்கில் நெத்திலிக் கருவாடு கொடுத்தார்கள். சதுரங்கப்பட்டினத்து அம்மா பாய் காலைத் தொட்டுக் கும்பிட்டது.

திரும்புகிறபோது நான் மாட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் தெரிந்தபோது பாய் சொன்னார்.

"டேய், ஒண்ணு தெரியுதா ஒனக்கு?"

"இன்னா பாய்?"

"ஒரு கடையிலயும் ஒரு பாட்டில்கூட இல்ல இப்போ. எல்லாத்தையும் குடுத்துட்டாங்க."

"நல்லதுதானே பாய்?"

"எனக்கு நல்லது. ஒனக்கு?" என்றார். "அவங்க எங்கிட்ட கணக்கத் தீத்துக்கினாங்கடா."

அப்போது எனக்கு அது ஏறவில்லை.

அடுத்த நடையில் ஏறியது. புதுப் பசையில் ஒட்டிய ரோஜா சோடாப் பெட்டிகளோடு போனேன். இந்தத் தடவை யாரும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. வாங்க என்றார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பெட்டியை மட்டும் இறக்க விடவில்லை.

"ஏன்க்கா?" என்று கேட்டேன்.

சதுரங்கப்பட்டினத்து அம்மா சொன்னது: "பாய் பாட்டிலு பாய்க்குக் குடுத்தாச்சு. பாக்கி ஒண்ணும் இல்ல. ஒங்க மொதலாளி யாரோ எவரோ. அவரு பாட்டில நான் எதுக்கு வூட்ல வெச்சிகினு பயப்படணும்?"

"இன்னா பயம்?"

"ஒடஞ்சா?"

"ஒடஞ்சா..." என்று நிறுத்தினேன்.

"ஒடஞ்சா கழுத்தக் காட்டினா எடுத்துக்குவாரா ஒங்க ரோஜாக்காரரு?"

எடுத்துக்கொள்வாரா? எனக்குத் தெரியாது. டவுனில் அவர் முன்பணத்தில் கழிப்பார் என்றுதான் தெரியும். தெரியாததை எப்படிச் சொல்வது. வண்டியைத் திருப்பினேன். வண்டி நிறைய சோடா. பாரம் குறையவே இல்லை. மாடு மணலில் திணறியது. நானும் இறங்கித் தள்ளினேன். அன்றைக்குத் தள்ளினதில் மட்டும் எனக்கு நிம்மதி இல்லை.

முதலாளி பெட்டிகள் அப்படியே திரும்பியதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"பாயக் கூட்டினு போனியே. அப்புறம் இன்னா? சோடா புடிக்கலையாமா?"

"சோடாவப் பத்தி ஒருத்தரும் பேசல முதலாளி. கழுத்தப் பத்தித்தான் கேக்கறாங்க."

"கழுத்தா? இன்னா கழுத்து?"

அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு அந்த வழக்கமே தெரியாது. பாய் மெஷினைக் காட்டியிருக்கிறார், கிணற்றைக் காட்டியிருக்கிறார், பாட்டிலைக் காட்டியிருக்கிறார். இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காற்றடிக்கிறது என்று யாராவது சொல்வார்களா? அப்படி இருந்தது அது எங்களுக்கு. இப்போது சொன்னேன்.

"கரையில அவனுங்க சண்டைன்னா சோடா பாட்டிலத்தான் வீசறானுங்க. அதுக்கும் கழுத்து எடுத்துக்குவாராமா பாய்?"

"எடுத்துக்குவாரு. சண்டை போட்டவங்களே பொறுக்கிக் குடுத்துடுவாங்க."

முதலாளி எழுந்தார். நடக்க ஆரம்பித்தார்.

"சரி. ரோஜாவுக்கும் கழுத்து உண்டுன்னு சொல்லிடு" என்றார். நாலு அடி போனார். திரும்பினார். "வேணாம், வேணாம். ஸ்டேஷன் கடைக்காரன் காதுல இது உழுந்துதுன்னு வெய்யி. அப்புறம் டவுன்ல ஒரு பாட்டில் முழுசா வராது. கூடை கூடையா கழுத்துதான் வரும். முன்பணத்தயும் திருப்பிக் கேப்பானுங்க. ரோஜாவுக்கு முடியாது."

கிணற்றடி வரை போய்வந்தார். காகிதம் ஒட்டிய பாட்டில்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றார். ஒன்றை எடுத்தார். ரோஜாவின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். ஆமையின் பின்னங்கால் தெரிந்தது.

"ரோஜாவுக்கு முடியாது" என்று திரும்பவும் சொன்னார். இந்தத் தடவை மெதுவாக. என்னிடம் சொல்லவில்லை. பாட்டிலிடம் சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம் ஆட்களைக் கூப்பிட்டார்.

"காயிதத்த எல்லாம் பிய்ங்கடா."

"கழுத்து?" என்று கேட்டேன்.

"போய்ப் பாரு" என்றார். ஒரு பதிலா அது?

அந்த நடையில் வண்டியில் ஏறாமல் மாட்டோடு கூடவே நடந்தேன். வெறும் ஆமைப் பாட்டில்கள், வெயிலில் பச்சையாக. சதுரங்கப்பட்டினத்துக் கடையில் நிறுத்தினேன். அந்த அம்மா வெளியே வந்து பார்த்தது. பெட்டியைத் தொடவில்லை.

"ரோஜா எங்க போச்சு?"

"டவுன்லயே கீது."

"இது யாருது? பாயோடதா, அவருதா?"

"அவருதுதான். பேரு ஆமை."

அந்த அம்மா ஒரு பாட்டிலை எடுத்தது. கோலியைக் கட்டைவிரலால் அமுக்கித் திறந்தது. பெஞ்சில் இருந்த வலைக்காரரிடம் நீட்டியது. அவர் குடித்து முடித்துக் கொடுத்தார். காலிப் பாட்டிலை அந்த அம்மா வாசல் கல்லில் ஓங்கி அடித்தது. சில்லெல்லாம் தெறித்தது. கையில் கழுத்து மட்டும் நின்றது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டியது.

"இந்தா."

வலைக்காரர் என்னையே பார்த்தார். நான் முதலாளியைக் கேட்டுவிட்டு வரேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மெஷின் ரூமும் எனக்குத்தான். கழுத்தை வாங்கினேன். வண்டியில் ஒரு ஓரமாக வைத்தேன். ஒரு முழுப் பாட்டிலை எடுத்து அதற்குப் பதிலாகக் கடையில் வைத்தேன்.

"பெட்டிய எறக்கு" என்றது அந்த அம்மா. வலைக்காரர் எழுந்து வந்து ஒரு கை பிடித்தார். "கை வெட்டிக்கினியா யக்கா?" என்று கேட்டார். "வெட்டினா அதையும் மொதலாளிக்கே அனுப்புறேன்" என்றது.

திரும்பி வந்து முதலாளி முன் கழுத்தை வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தல தெரியுது" என்றார். மூலைக் கூடையில் போட்டார். "அடுத்த நடைக்கு எத்தினி பெட்டி வேணும்?"

அப்புறம் ஒரு உத்தரவு போட்டார். கரையில் அவர் பேரை எடுக்கக்கூடாது. டவுனில் கழுத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ஒரே கிணறு, ஒரே கேஸ், ஒரே மெஷின். பேர் ரெண்டு. எனக்கு அது கஷ்டமில்லை. நான் எங்கேயும் பேசுகிறவன் இல்லை.

அது திருக்கழுக்குன்றத்தில்தான் இடித்தது. அது டவுனும் இல்லை, கரையும் இல்லை. முதலாளி அங்கே ரோஜாவை ஏற்றி அனுப்பினார். கரைக்கு ஆமை. ரெண்டும் என் வண்டியில். கோவில் தெருக் கடைக்காரர் ஒருத்தர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரோஜா ஒடஞ்சா?"

"முன்பணத்துல கழியும்."

"ஆமை ஒடஞ்சா?"

நான் நுகத்தடிக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அவர் மைத்துனர் சதுரங்கப்பட்டினத்தில் இருந்தார். தெரிந்துதான் கேட்டார்.

"ரெண்டும் ஒரே வண்டியில வருதே?"

"வண்டி ஒண்ணுதாங்க" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ எனக்கு ஆமையே எறக்கிடுப்பா" என்றார். பக்கத்துக் கடைக்காரரும் அதையே சொன்னார்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். முதலாளி திட்டினார். முதலில் என்னை, அப்புறம் மைத்துனரை, அப்புறம் ஆமையை. கிணற்றடி வரை போய்வந்தார்.

"திருக்கழுக்குன்றம் ஆமைக்கே போவட்டும்" என்றார். "ரோஜா செங்கல்பட்டு எல்லையத் தாண்டக்கூடாது."

வண்டியில் இருந்த ரோஜாப் பெட்டிகளை இறக்கினார்கள். ஆமைப் பெட்டி ஏற்ற ஆள் வரும், அது வரைக்கும் உட்கார் என்றார். நான் உட்காரவில்லை. நானே ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.